பள்ளி ஆட்டங்களை ஊரறிய ஒளிபரப்பலாமா?

சில வருடங்களுக்கு முன்பு வரை ஒரு பள்ளிக் கபடிப் போட்டியை நேரலையில் காட்ட வேண்டுமென்றால் கேமரா, ஆள், வண்டி என்று பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தச் செலவே ஒரு தடுப்பாக இருந்தது. இப்போது ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்ட், ஒரு பவர் பேங்க் போதும். பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியில்கூட கோட்டுக்கு வெளியே யாராவது ஒருவர் யூடியூப்பில் லைவ் போட்டுக்கொண்டு நிற்கிறார். சில இடங்களில் பள்ளியே செய்கிறது. சில இடங்களில் உள்ளூர் சேனல்காரர்கள் வருகிறார்கள். யாரையும் கேட்காமல் நடப்பதும் உண்டு.

பெற்றோர்களிடம் இதைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது. "நாலு பேர் பார்த்தால்தானே பிள்ளைக்கு வாய்ப்பு வரும்" என்பது ஒன்று. "என் மகளை யார் யாரோ பார்க்கட்டும் என்று நான் எப்போது சொன்னேன்" என்பது மற்றொன்று. இரண்டு பேரும் 'வீடியோ எடுப்பது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செயல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## ஒரு சொல், மூன்று செயல்கள்

1. படம்பிடித்தல். ஆட்டத்தைப் பதிவு செய்து பயிற்சியாளரிடமோ பள்ளியிடமோ வைத்துக்கொள்வது. பார்ப்பவர்கள் அணியும் ஆசிரியர்களும் மட்டும்.

2. வட்டத்துக்குள் பகிர்தல். ஆடிய பிள்ளைகளின் பெற்றோர், இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்கள் என்று பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டுவது. பார்ப்பவர் யார் என்று பள்ளிக்குத் தெரியும்.

3. பொது ஒளிபரப்பு. இணையம் உள்ள எவரும், எந்த ஊரிலிருந்தும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைப்பது. பார்ப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

யூடியூப்பில் இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கும் வேலி ஒரு பட்டன்தான். 'பப்ளிக்' என்று வைத்தால் தேடுபவருக்கெல்லாம் கிடைக்கும். 'பிரைவேட்' என்றால் அழைக்கப்பட்ட கணக்குகள் மட்டும் பார்க்கலாம். 'அன்லிஸ்டட்' என்பது தேடலில் வராது, ஆனால் லிங்க் கையில் இருக்கும் யாரும் பார்க்கலாம். பல பள்ளிகள் அன்லிஸ்டட்டைப் பாதுகாப்பானது என்று நம்புகின்றன. ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட லிங்க் அந்தக் குழுவோடு நிற்காது என்பது நமக்கெல்லாம் தெரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூடியூப்பில் நேரலை முடிந்ததும் அது மறைந்துவிடுவதில்லை. 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை தானாகவே வீடியோவாகச் சேனலில் தங்கிவிடும். "லைவ்தானே, முடிந்தால் போயிற்று" என்ற எண்ணம் தவறு.

முதல் செயலை எதிர்ப்பவர்கள் அநேகமாக யாருமில்லை. இரண்டாவதைப் பெரும்பாலான பெற்றோர் விரும்பவே செய்கிறார்கள். சண்டை முழுவதும் மூன்றாவதைப் பற்றித்தான்.

## படம்பிடிப்பதால் என்ன கிடைக்கிறது?

நிறையக் கிடைக்கிறது. கபடியில் போனஸ் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருக்கும்போது, பாடிப் போகும் வீராங்கனை ஒரு காலால் போனஸ் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்த நொடியில் பின்கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்வது நடுவருக்கே கஷ்டம். ஆடிய பிள்ளைக்குத் தன் பின்கால் எங்கே இருந்தது என்று தெரியவே தெரியாது. அன்று மாலை உடற்கல்வி ஆசிரியர் செல்போனை நிறுத்தி நிறுத்திக் காட்டும்போது, "ஐயோ சார், குதிகால் ஒட்டியிருக்கு" என்று அவளே கண்டுபிடிப்பாள். பத்து நாள் பயிற்சியில் வராத திருத்தம் அந்தப் பத்து நிமிடத்தில் வரும். தலையில் அடிபட்டு விழுந்த பிள்ளை எப்படி விழுந்தது என்று மருத்துவரிடம் காட்டவும் பதிவு உதவும். நடுவர் தீர்ப்பில் தகராறு வந்தாலும் உதவும்.

பெற்றோருக்கும் இது பெரிய விஷயம். பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் வேலைநாளில்தான் நடக்கின்றன. மில்லுக்கோ கம்பெனிக்கோ போகும் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டப் போட்டிக்குப் போக முடியாது. மகள் முதல் தடவையாக வென்ற ஆட்டத்தை இரவு சமையலறையில் நின்றுகொண்டு அவர் பார்ப்பதை யாரும் மறுக்கக் கூடாது.

இந்த நன்மைகள் எல்லாம் முதல் இரண்டு செயல்களிலேயே கிடைத்துவிடுகின்றன. பயிற்சிக்குப் பொது ஒளிபரப்பு வேண்டியதில்லை. அம்மா பார்க்கவும் வேண்டியதில்லை.

மூன்றாவது செயலுக்கென்று சொல்லப்படும் தனி நன்மை 'வாய்ப்பு'. தமிழ்நாட்டில் ஒரு பள்ளி மாணவருக்கு விளையாட்டால் கிடைக்கும் வாய்ப்புகள் எந்த வழியாக வருகின்றன என்று பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு உடல்திறன் சோதனையும் திறன் தேர்வும் வைத்து ஆள் எடுக்கிறார்கள். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்தான் கணக்கு. மாவட்ட அணி, மாநில அணி என்பதற்கெல்லாம் தேர்வுப் போட்டிகள் உண்டு. இவற்றில் எதுவும் யூடியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து நடப்பதில்லை. 2014-இல் புரோ கபடி என்ற தொழில்முறை லீக் தொடங்கிய பிறகு, நல்ல ரெய்டரின் (பாடிப் போகிறவரின்) வீடியோ கைக்குக் கை போவது உண்மைதான். அதற்கும் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரு துண்டு வீடியோ போதும். திறமை மேலே போக வேண்டும் என்பதற்காகக் குறுவட்டத்தில் ஆடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் உலகத்துக்குத் திறந்து வைக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு ஏற்கத் தக்கதாகப் படவில்லை.

## "மைதானமே பொது இடம்தானே?"

அடிக்கடி வரும் கேள்வி இது. ஊரே வந்து நின்று பார்க்கிற ஆட்டம். வீடியோவில் பார்த்தால் மட்டும் என்ன குறைந்துவிடும்? நான்கு வித்தியாசங்கள் இருக்கின்றன.

1. மைதானத்தில் நிற்பவரை மற்றவர்கள் பார்க்கிறார்கள். தப்பாக ஏதாவது கத்தினால் பி.டி. சார் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவர் அதட்டுவார். திரைக்குப் பின்னால் இருப்பவரை அதட்ட ஆளில்லை.

2. மைதானத்தில் நடந்தது அன்றோடு முடிகிறது. வீடியோ முடிவதில்லை. பதின்மூன்று வயதில் விட்ட கேட்ச் இருபத்தைந்து வயதிலும் இருக்கும்.

3. மைதானத்தில் முழு ஆட்டத்தையும் பார்க்கிறோம். வீடியோவிலிருந்து பத்து விநாடியை வெட்டி எடுக்கலாம். கோல்கீப்பர் ஒன்பது பந்தைத் தடுத்திருப்பான்; பத்தாவது பந்து கால் நடுவே போனதுதான் ரீல்ஸாகச் சுற்றும். படத்தை எடுத்து முகத்தை மாற்றி ஒட்டும் கருவிகள் வந்துவிட்ட காலம் வேறு இது.

4. மைதானத்தில் நிற்பவருக்கு அந்தப் பிள்ளையின் பெயரோ பள்ளியோ தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒளிபரப்பில் பனியனில் பள்ளிப் பெயர் இருக்கும், வர்ணனையாளர் முழுப் பெயரைச் சொல்வார், தலைப்பில் ஊரும் தேதியும் நேரமும் இருக்கும். ஒரு பிள்ளையைத் தேடிப் போக நினைப்பவருக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கிறது.

நான்காவது வித்தியாசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு ஆபத்து தருவதில்லை. அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்ட ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாற்றி, எண் மாற்றி, அமைதியாக வாழ்கிறார். பையன் கால்பந்தில் நன்றாக ஆடுகிறான். ஒரு நேரலை போதும், அவர்கள் இருக்கும் ஊரும் பள்ளியும் இந்த நிமிடம் பையன் நிற்கும் மைதானமும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட குடும்பம் எது என்று பள்ளிக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

குழந்தைகள் இல்லங்களிலிருந்து வந்து ஆடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றிய விசாரணை, வழக்குச் செய்திகளில் பெயர், பள்ளி, அடையாளம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாளில் அவ்வளவு கவனம் எடுக்கச் சொல்கிறது சட்டம். நேரலையில் "இவன் இல்லத்துப் பையன், கஷ்டப்பட்டு வந்தவன்" என்று வர்ணனையாளர் நல்ல எண்ணத்தோடு சொல்லும் ஒரு வாக்கியம் அந்தக் கவனத்தை எல்லாம் வீணாக்கிவிடும்.

## தோற்ற அணியின் பக்கம் நின்று பார்ப்போம்

2016 ஜனவரியில் மும்பையை அடுத்த கல்யாணில் பள்ளிகளுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டி ஒன்று உலகச் செய்தியானது. 15 வயது மாணவர் ஒருவர் 327 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 1,009 ரன் எடுத்தார். பள்ளிக் கிரிக்கெட் மட்டுமல்ல, எந்தப் பதிவு செய்யப்பட்ட கிரிக்கெட்டிலும் ஒருவர் ஒரே இன்னிங்சில் ஆயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. இரண்டாம் நாளுக்குள் தொலைக்காட்சி வண்டிகள் வந்துவிட்டன.

எதிரணி? முதல் இன்னிங்சில் 31, இரண்டாவதில் 52. நடுவில் அந்தப் பிள்ளைகள் 1,465 ரன்களுக்குப் பந்து பொறுக்கினார்கள். அவர்களில் பலர் வயதில் மிகச் சிறியவர்கள், வழக்கமான அணி வரவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. சாதனை செய்த மாணவருக்குத்தான் பாராட்டும் உதவித்தொகையும் வந்தன. அடுத்த வருடமே ரன் வராமல் தடுமாறியபோது, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையை நிறுத்திவிடச் சொல்லி அவர் வீட்டிலிருந்தே மும்பைக் கிரிக்கெட் சங்கத்துக்குக் கடிதம் போனது. அவர் பெயர் எங்கும் கிடைக்கும். இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அந்த ஆட்டம் இன்றைக்கு நடந்திருந்தால் முதல் பந்திலிருந்து நேரலை இருந்திருக்கும். 31 ரன்னில் சுருண்ட ஒவ்வொரு பையனின் முகமும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். பள்ளி ஒளிபரப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் ஜெயித்த பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

## பெண் பிள்ளைகளின் ஆட்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2019 பிப்ரவரியில் யூடியூப் ஒரு பெரிய முடிவு எடுத்தது. சிறுவர் சிறுமியர் இடம்பெறும் கோடிக்கணக்கான வீடியோக்களில் கருத்துப் பகுதியை மூடியது. காரணம், சாதாரணக் குடும்ப வீடியோக்களிலும் விளையாட்டு வீடியோக்களிலும்கூட, எந்த நொடியில் பிள்ளையின் உடல் எப்படித் தெரிகிறது என்று குறித்து ஆபாசமாக எழுதும் கூட்டம் கருத்துகளில் இயங்கியது வெளிவந்ததுதான். வீடியோ எடுத்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜப்பானில் 2020 நவம்பரில் அந்நாட்டு ஒலிம்பிக் குழுவும் மற்ற விளையாட்டு அமைப்புகளும் சேர்ந்து, வீராங்கனைகளை ஆபாச நோக்கத்தோடு படமெடுப்பதையும் அப்படங்களைப் பரப்புவதையும் எதிர்த்து அறிக்கை விட்டன. தடகளம், கைப்பந்து என்று உடை பற்றிய விதி உள்ள ஆட்டங்களில் இது நெடுநாள் தொல்லை.

நம் ஊரில் இதன் விளைவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வயதுக்கு வந்த பிறகும் மகளைக் கிரவுண்டுக்கு அனுப்புவது பல வீடுகளில் ஒரு போராட்டம். அம்மா பேசி, டீச்சர் வீட்டுக்கே வந்து பேசி, அரைமனதாகச் சம்மதம் வாங்கியிருப்பார்கள். அந்த நிலையில் அவள் எதிரணியைத் தள்ளிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட விழும் காட்சி, கேவலமான ஒரு வரியோடு உறவினர் குழுவில் வந்து விழுந்தால், வீட்டில் யார் மேல் கோபம் பாயும்? எழுதியவன் யாரென்றே தெரியாது. "நாளையிலிருந்து போக வேண்டாம்" என்ற வார்த்தை அவளுக்குத்தான் வரும். தப்பு செய்தது வேறொருவர், ஆட்டம் போனது இவளுக்கு.

அதனால் பெண்கள் ஆட்டத்தை மட்டும் காட்டாமல் விடலாமா? அதுவும் அநியாயம். ஆண்கள் ஆட்டம் மட்டுமே திரையில் இருந்தால் விளையாட்டு ஆண்களுடையது என்ற எண்ணம்தான் வேரூன்றும். ஒரு போட்டியில் காட்டுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே விதியின்கீழ் காட்ட வேண்டும். அந்த விதி பெண் பிள்ளைகளைக் காப்பாற்றும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பையன்களுக்கும் அது பாதுகாப்புதான்.

## சூதாட்டம் எங்கே வருகிறது?

பள்ளி ஆட்டத்தில் பந்தயம் கட்டுவார்களா என்று கேட்கத் தோன்றும். பந்தயம் கட்டுபவருக்கு ஆட்டத்தின் தரம் முக்கியமில்லை, நேரலை ஓடினால் போதும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. 2020 ஜூனில் இலங்கையில் நடக்கும் 'ஊவா டி20' லீக் என்ற பெயரில் ஒரு ஆட்டம் இணையத்தில் ஓடியது. உண்மையில் அது சண்டிகர் அருகே சவாரா என்ற கிராமத்தில் நடந்தது. 2022-இல் குஜராத்தின் மோலிபூர் கிராமத்தில் வயல் வேலை செய்பவர்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து, ஐ.பி.எல். மாதிரி சீருடை போட்டு ஆடவைத்து, யூடியூப்பில் காட்டி, ரஷ்யாவில் இருந்தவர்களிடம் பந்தயப் பணம் வாங்கியதைப் போலீஸ் கண்டுபிடித்தது. கிராமத்து வயலில் நடந்ததற்கே பந்தயம் கட்ட ஆள் இருந்தால், ஸ்கோர் போர்டும் வர்ணனையுமாக ஓடும் பள்ளி லீக் ஆட்டம் அவர்களுக்கு இன்னும் வசதி. பதினேழு வயதுப் பையனிடம் "அடுத்த ஓவரில் ஒரு வைடு போடு" என்று யாரோ ஒருவர் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பும் நிலை வரவே கூடாது.

## நூறு வருட அனுபவம்: ஜப்பானின் கோஷியென்

பள்ளி ஆட்டத்தை ஒரு நாடு முழுக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைவிட நல்ல பாடம் இல்லை. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கோடைகால பேஸ்பால் போட்டி 1915-இல் தொடங்கியது. 1924 முதல் கோஷியென் மைதானத்தில் நடக்கிறது. அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1927-இல் வானொலியிலும் 1953-இல் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்ப ஆரம்பித்தது. தோற்ற அணிப் பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வதும், அதை கேமரா நெருங்கிக் காட்டுவதும் அந்நாட்டுக் கோடைகாலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அதனால் கிடைத்த பெருமை உண்மை. சிறிய ஊர்ப் பள்ளி ஒன்று இறுதிவரை போனால் மாகாணமே கொண்டாடும். 2018-இல் அகிதா மாகாணத்து விவசாயப் பள்ளி ஒன்று அப்படிப் போனது. அந்த அணியின் பந்து வீச்சாளர் அந்தப் போட்டித் தொடரில் மட்டும் 881 பந்து எறிந்தார். வளரும் வயதில் தோளும் முழங்கையும் தாங்குமா என்ற கேள்வி பல வருடங்களாக இருந்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது "என்னால் முடியாது" என்று எந்தப் பையன் சொல்வான்? எந்தப் பயிற்சியாளர் அவனை வெளியே எடுப்பார்? ஒரு வாரத்துக்கு 500 பந்துதான் என்ற வரம்பு 2020-இல்தான் வந்தது. வெயில் கொடுமைக்காக முதல் சில நாள்களின் ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்தது 2024-இல்தான்.

2025 ஆகஸ்டில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. ஹிரோஷிமாவின் ஒரு பள்ளி, அணிக்குள் நடந்த அடிதடி பற்றிய விவகாரம் சமூக ஊடகத்தில் வெடித்ததால், முதல் சுற்றில் வென்ற பிறகு போட்டியின் நடுவிலேயே விலகியது. அடிபட்ட பையனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் சம்பந்தமில்லாத மாணவர்கள் உட்படப் பலரின் பெயரும் படமும் இணையத்தில் சுற்றின, பள்ளிக்கு மிரட்டல்களும் வந்தன. ஒளிபரப்பு முகங்களை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியிருந்தது. கோபம் வந்தபோது குறிவைக்க அவை தயாராக இருந்தன.

இலங்கையில் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' 1904-இல் தொடங்கிய கிரிக்கெட். மார்ச் மாதம் அந்த மூன்று நாள் ஆட்டத்துக்காக ஊரே கூடும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். இதை நிறுத்தச் சொல்வது சரியாக இருக்காது. ஆடுபவர்கள் 19 வயதுக்குட்பட்ட முதல் அணியினர். இப்படியொரு ஆட்டம் என்று தெரிந்தே, அதற்காகவே வருடக் கணக்கில் தயாராகி வருகிறார்கள். பள்ளிகளின் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கங்களும் பொறுப்பேற்று நடத்துகின்றன. குறுவட்டத்தில் முதல் தடவை ஷூ போட்டு ஓடும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நிலையோடு இதை ஒப்பிட முடியாது. 'பள்ளி ஆட்டம்' என்று இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான் பிழை.

## சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கு நேரடியாகப் பொருந்துவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. 'தனிநபர் தரவு' என்றால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும். முகம் தெரியும் வீடியோவும் அதில் அடங்கும்.

1. 18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அமெரிக்காவின் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 13 வயதோடு நிற்கிறது; ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை. நம் சட்டம் அவற்றைவிடக் கண்டிப்பானது.

2. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். சம்மதம் என்பது எதற்கென்று குறிப்பாகச் சொல்லி, புரியவைத்து, நிபந்தனையில்லாமல் வாங்குவது. எவ்வளவு எளிதாகக் கொடுத்தாரோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "புகைப்படம் எடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று இருக்கும் ஒற்றை வரி, யூடியூப் ஒளிபரப்புக்கான சம்மதமாக நிற்பது கடினம்.

3. குழந்தையின் நலனைக் கெடுக்கக்கூடிய விதத்தில் தரவைக் கையாளக் கூடாது; குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

4. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்பா தன் பிள்ளையின் ஆட்டத்தைச் செல்போனில் எடுத்து வீட்டில் காட்டலாம். அதையே பொதுச் சேனலில் ஏற்றினால், வீட்டு உபயோகம் என்று சொல்லிக்கொள்வது கஷ்டம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் உள்ளிட்ட முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. பள்ளிகள் தயாராவதற்கான அவகாசம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உரிமை யாருக்கு என்ற கேள்வி. வீடியோ எடுத்தவருக்கு அந்தப் பதிவின்மேல் காப்புரிமை உண்டு என்பது உண்மை. மைதானத்துக்குள் வந்து எடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2008-இல் ஒரு செய்தி நிறுவனம் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை அனுமதியில்லாமல் இணையத்தில் காட்டியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2011-இல் தீர்ப்பு வந்தது: செய்தி சேகரிப்பது வேறு, முழு ஆட்டத்தை ஒளிபரப்புவது வேறு, முழு ஆட்டத்தை யார் காட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமை போட்டி நடத்தும் சங்கத்துக்கு உண்டு. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பள்ளி மைதானத்தின் கேட் பள்ளியின் கையில் இருக்கிறது. "சேனல்காரர்கள் வந்துவிட்டார்கள், என்ன செய்வது" என்று தலைமையாசிரியர் கைவிரிக்க வேண்டியதில்லை. உள்ளே விடுவதும் விடாததும் அவர் முடிவு.

## எந்த மட்டத்தில் எது?

மேலே சொன்னவற்றை வைத்து நான் வந்திருக்கும் முடிவு இது. நம் பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று மட்டம் மட்டமாகவும், 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு பிரிவாகவும் நடப்பதால், விதியையும் அப்படியே பிரிக்கலாம்.

1. 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் எந்த மட்டமானாலும் பொது ஒளிபரப்பு வேண்டாம். பயிற்சிக்கு எடுக்கலாம், பெற்றோருக்குக் காட்டலாம்.

2. குறுவட்ட, மாவட்ட ஆட்டங்கள் எந்த வயதானாலும் வட்டத்துக்குள் மட்டும். பிரைவேட் முறையில் ஏற்றி, கல்வியாண்டு முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

3. மாநில அளவில் 17, 19 வயதுப் பிரிவுகளின் கடைசிச் சுற்றுகளைப் பொதுவில் காட்டலாம். அதுவும் போட்டி நடத்துபவர் அனுமதித்த ஒரே சேனலில்.

மூன்றாவதற்குச் சில நிபந்தனைகள் தேவை. கருத்துப் பகுதியும் லைவ் சாட்டும் மூடியிருக்க வேண்டும். வர்ணனையில் பனியன் எண்ணும் முதல் பெயரும் போதும். வீடு, குடும்பம், சாதி, வறுமை எதுவும் வரக் கூடாது. கேமரா அகலக் கோணத்தில் முழு ஆடுகளத்தையும் காட்டட்டும்; விழுந்த பிள்ளை, அழும் பிள்ளை, உடை விலகிய பிள்ளை பக்கம் நெருங்கிப் போகக் கூடாது. ஒரு நிமிடமாவது தாமதம் வைத்து, நிறுத்தும் பட்டனில் கை வைத்தபடி ஒரு ஆசிரியை இருக்க வேண்டும். பெற்றோரோ மாணவரோ நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். பந்தயச் செயலிகளின் சாயல்கூட ஸ்பான்சர் பேனரில் இருக்கக் கூடாது.

நடைமுறையில் பலர் மறக்கும் ஒன்று, ஆட்டத்தில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. போட்டியை நடத்தும் பள்ளி தன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, வேனில் வந்து இறங்கிய எதிரணியின் பன்னிரண்டு பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அழைப்புக் கடிதத்தோடு சம்மதப் படிவமும் போக வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சம்மதம் இல்லை என்றால் நிறுத்த வேண்டியது ஒளிபரப்பை. அந்தப் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது.

பெற்றோர் சம்மதித்தாலும் பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அணியை வட்டமாக நிற்க வைத்து, "யூடியூப்பில் வரப் போறீங்க, எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. முந்தின நாளே, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்று ஒருத்தி தலையசைத்தால், அது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாமலே கேமராவை எடுத்துவிட வேண்டும்.